குரூப்ல 412 பேரு, பதில் சொல்றது நான் மட்டும்

கேள்வி: சார் வணக்கம். திருப்பூர்ல அக்கவுன்டிங் சாஃப்ட்வேர் விக்கிற ஒரு டீலர்கிட்ட சப்போர்ட்ல வேலை பாக்கறேன். எங்க கஸ்டமர் கம்பெனிகள்ல இருக்கற அக்கவுன்டன்ட்டுகளுக்காக ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன், இப்ப 412 பேரு. ஒருத்தருக்கொருத்தர் கேட்டுச் சொல்லிக்குவாங்கன்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சது. ஆனா கேக்கறது எல்லாரும், சொல்றது நான் மட்டும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற மாசம் 10, 11 தேதியும், அப்புறம் 18-லருந்து 20 வரைக்கும் நைட்டு பதினோரு மணி வரை ஃபோனும் கையுமாத்தான் இருக்கேன். 'தெரிஞ்சவங்க பகிர்ந்துக்கோங்க'ன்னு எத்தனையோ தடவை போட்டாச்சு. அதிகமா பதில் சொல்றவங்களுக்கு மாசம் ஒரு ஃபிளாஸ்க் பரிசுன்னேன், ஒரு வாரம் ஃபார்வேர்டு மெசேஜா வந்து விழுந்துச்சு, அப்புறம் அமைதி. ஒரு அண்ணன் இருக்காரு, டையிங் யூனிட்ல இருபது வருஷ சர்வீஸ், ஜாப் ஒர்க் கணக்குல, அதான் அடுத்த கம்பெனி துணிக்கு வேலை செஞ்சு திருப்பி அனுப்பற கணக்குல, அவருக்குத் தெரியாதது கிடையாது, குரூப்ல வாயே தொறக்க மாட்டாரு. இவங்களைப் பேச வைக்கறது எப்படி சார்?

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். கோயம்புத்தூர்ல மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் அக்கவுன்டிங் பேக்கேஜ் போட்டுக் குடுத்து, ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுத்துன்னு 21 வருஷம் ஓடிருச்சு, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப நானும் இதே மாதிரி ஒரு குரூப் ஆரம்பிச்சு இதே மாதிரி நைட்டு பதினோரு மணிக்கு கண்ணு எரிய உக்காந்திருக்கேன், அதனால நீங்க எழுதுனது ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமான வரி.

முதல்ல மனசுல இருக்கற ஒரு பாரத்தை இறக்கி வச்சிருங்க. 412 பேரும் பேசணும்னு எதிர்பாக்காதீங்க, உலகத்துல எந்தக் குழுவுலயும் அப்படி நடந்ததில்ல. யாக்கோப் நீல்சன்னு ஒருத்தர், ஆளுங்க கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு ஆராய்ச்சி பண்றவர், 2006-ல இதை ஒரு கணக்காவே எழுதுனாரு, பெரும்பாலான குழுக்கள்ல நூத்துக்கு 90 பேரு சும்மா படிப்பாங்க, 9 பேரு எப்பவாச்சும் எழுதுவாங்க, ஒருத்தருதான் தொடர்ந்து எழுதுவாரு. உங்க குரூப்புக்குப் போட்டுப் பாருங்க, தொடர்ந்து பேசறவங்க நாலு பேரு, அப்பப்ப பேசறவங்க ஒரு முப்பத்தேழு பேரு. அந்த நாலு பேரைத் தேடிப் புடிக்கறதுதான் உங்க வேலை. மீதிப் பேரு படிச்சுட்டுப் போகட்டும், படிக்கறதும் பிரயோஜனம்தான், ராத்திரி அவங்க உங்களுக்கு ஃபோன் பண்ணாம இருக்கறதே அதனாலதான்.

அந்த நாலு பேரை எப்படிப் புடிக்கறது? கல்யாண வீட்டுல பந்தி ஆரம்பிக்கறப்ப 'யாராச்சும் பரிமாற வாங்கப்பா'ன்னு சத்தம் போட்டா ஒருத்தரும் அசைய மாட்டாங்க, எல்லாரும் பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியப் பாப்பாங்க. 'மாப்ள, நீ அந்த சாம்பார் வாளியத் தூக்கு'ன்னு பேரைச் சொல்லிச் சொன்னா அவன் தூக்கிருவான், பத்து நிமிஷத்துல வேர்த்து ஊத்த ஓடிட்டிருப்பான், மறு பந்திக்கு நீங்க கூப்பிடவே வேண்டாம். 'தெரிஞ்சவங்க பகிர்ந்துக்கோங்க'ங்கறது அந்த முதல் சத்தம்தான்மா. அதை எத்தனை தடவை போட்டாலும் பலன் இருக்காது, ஏன்னா அது யாருக்கும் வந்து சேரல. ஒரு ஆளு, அவரு பேரு, நேத்து அவரு செஞ்ச ஒரே ஒரு வேலை, அதை மட்டும் கேளுங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி ரேட்டு மாறுச்சில்லைங்களா, 12 பர்சென்ட்டும் 28 பர்சென்ட்டும் பெரும்பாலும் போயி 5-ம் 18-ம் ஆச்சு. திருப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ரெடிமேட் துணி பீஸ் 1000 ரூபா வரைக்கும் 5 பர்சென்ட், அதுக்கு மேல 12-னு இருந்தது, 2500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18-னு மாறுச்சு. 22-ஆம் தேதி திங்கக்கிழமை, முந்துன நாள் ஞாயித்துக்கிழமை மகாளய அமாவாசை, எல்லாரும் வீட்டுல இருக்காங்க, குரூப்புல மட்டும் கேள்வி கொட்டுது, 'சார் என்கிட்ட 1,800 ஐட்டம் இருக்கு ஒவ்வொண்ணா மாத்தணுமா', 'மாத்துனா பழைய பில்லுலயும் மாறிருமா'ன்னு. அன்னிக்கு சாயங்காலம் ஒரு பொண்ணு எனக்கு தனியா ஃபோன் பண்ணுச்சு, கார்மென்ட்ஸ் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குது, சர்வீஸுன்னு பாத்தா நாலு வருஷம்கூட இருக்காது. 'சார், நான் ஐட்டத்துல கை வைக்கல, ஐட்டங்களை மொத்தமா சேத்து வச்சிருக்கற ஸ்டாக் குரூப்லயே விலை ஸ்லாபா ரேட்டைப் போட்டேன், எந்தத் தேதியிலருந்துன்னு கேக்கற எடத்துல 22-னு குடுத்துட்டேன், பழைய பில்லு அப்படியே நிக்குது, சரிதானுங்களா'ன்னு கேட்டுச்சு. சரியாத்தான் பண்ணியிருந்துச்சு. ஐட்டத்துக்குன்னு தனியா ரேட்டு போட்டிருந்தா மட்டும் ஸ்டாக் குரூப்ல மாத்துனது அதுக்குப் போய்ச் சேராது, அந்த ஒண்ணைச் சொன்னேன், அதுக்கும் 'ஆமாங்க சார், அப்படி ஒரு பதினொண்ணு இருந்துச்சு, அதை மட்டும் தேடிப் புடிச்சு மாத்துனேன்'னு சொல்லுச்சு.

நானே அதைக் குரூப்புல எழுதியிருக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. எழுதல. 'ஏம்மா, இப்ப என்கிட்ட சொன்னியே, இதே வார்த்தைல குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் போட்டுரு, ஒரு ஸ்கிரீன்ஷாட், கம்பெனி பேரை மறைச்சுரு, போதும்'னேன். அது தயங்குச்சு, 'பெரியவங்கெல்லாம் இருக்காங்களே சார்'னுச்சு. 'தப்பா இருந்தா நான் இருக்கேன், நான் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு'ன்னேன். போட்டுச்சு. முக்கா நிமிஷ வாய்ஸ். அன்னிக்கு நைட்டுக்குள்ள அறுபது பேருக்கு மேல நன்றி சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு இன்னொருத்தர், 'முன்னாடியே வித்த சரக்கு இப்ப ரிட்டர்ன் வந்தா கிரெடிட் நோட்டு பழைய ரேட்லதான் போடணும், அதை மறந்துராதீங்க'ன்னு சேத்துச் சொன்னாரு. அவரு அதுவரைக்கும் குரூப்புல பேசுனதே இல்ல. அந்தப் பொண்ணு இன்னிக்கு என் நாலு பேர்ல ஒருத்தி.

இதுல கவனிக்க வேண்டியது அந்தத் தயக்கம். நம்ம ஆளுங்க பேசாததுக்கு சோம்பேறித்தனமோ கெட்ட எண்ணமோ காரணம் கிடையாது, பயம்தான், அதுவும் ஒரே பயம் இல்ல.

பெண்களுக்கு இருக்கற பயத்தை முதல்ல சொல்றேன், ஏன்னா இதை குரூப் நடத்துற ஆம்பளைங்க யோசிக்கறதே இல்ல, நானும் ரொம்ப நாள் யோசிக்கல. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பதில் போட்டா அந்த நம்பர் நானூறு பேரு கண்ணுல படும். மறுநாளே 'ஹாய்'னு தனி மெசேஜ் வரும், நைட்டு வரும், சந்தேகம் கேக்கற சாக்குல கால் வரும். ரெண்டு தடவை இப்படி ஆனா அந்தப் பொண்ணு மூணாவது தடவை பதில் தெரிஞ்சாலும் சும்மா இருந்துரும். திருப்பூர்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறவங்கள்ல எத்தனை பேர் பொண்ணுங்கன்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும், அத்தனை பேர் அறிவும் இந்த ஒரு காரணத்துக்காகப் பூட்டிக் கெடக்குது. டெலிகிராமுக்கு மாத்துங்க, அதுல நம்பரை மறைச்சு வைக்கலாம், எப்படி மறைக்கறதுன்னு முதல் நாளே ஸ்கிரீன்ஷாட்டோட போட்டுருங்க. 'குரூப் விஷயத்தைக் குரூப்லயே கேக்கணும், கேக்காம தனி மெசேஜ் அனுப்புனா எடுத்துருவேன்'னு ஒரு விதியையும் போடுங்க, போட்டதோட நிக்காம முதல் ஆளை நிஜமாவே எடுங்க. நான் எடுத்தது எங்க பெரிய கஸ்டமர் ஒருத்தரோட ஆளை. மொதலாளி ஃபோன் பண்ணி சத்தம் போட்டாரு, நான் இறங்கல. அதுக்கப்புறம்தான் பொண்ணுங்க பேச ஆரம்பிச்சாங்க.

அடுத்தது, குரூப்புக்குள்ள யாரு யாரு இருக்காங்கன்னு ஒரு தடவை லிஸ்ட்டைப் பாருங்க. மொதலாளிங்க இருக்காங்களா? ஆடிட்டர் ஆபீஸ் ஆளுங்க இருக்காங்களா? அப்படின்னா ஒரு அக்கவுன்டன்ட் எப்படி 'எனக்கு இது தெரியலை'ன்னு எழுதுவாரு? எழுதுனா 'இதுகூடத் தெரியாமத்தான் என் கணக்கைப் பாக்கறியா'ன்னு கேட்டுருவாங்களேன்னு இருக்கும். கேள்வியே வெளிய வராத எடத்துல பதில் எங்கருந்து வரும். மொதலாளிங்களுக்கு அறிவிப்புக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்கோங்க, பேசற குரூப்ல கணக்கு எழுதற கைங்க மட்டும் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் போடறப்ப பார்ட்டி பேரு, ஜிஎஸ்டி நம்பரு, பேங்க் பேலன்ஸ் எல்லாத்தையும் மறைக்கறதை எல்லாருக்கும் பழக்குங்க, தன் கம்பெனி ரகசியம் வெளிய போயிருமோங்கற பயத்துல பேசாதவங்களும் நெறைய.

மூணாவது பயம் வேலை பயம். 'நான் கத்துக்கிட்டதை எல்லாருக்கும் சொல்லிட்டா அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாங்க.' உங்க டையிங் யூனிட் அண்ணனுக்கு இருக்கறது அனேகமா இதுதான். இதைத் தப்புன்னு சொல்லிராதீங்கம்மா. இருபது வருஷம் அடிபட்டுக் கத்துக்கிட்ட மனுஷன், அவரு சோறு அதுலதான் இருக்கு. அவருக்கு ஃபிளாஸ்க்கைக் காட்டுனா அது அவருக்கு அவமானம். இங்க ஒரு பழைய கதையைச் சொல்லியாகணும்.

அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனி மெஷின் ரிப்பேர் பாக்கற டெக்னீஷியன்களை 1980-கள்ல ஜூலியன் ஆர்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் கூடவே சுத்திக் கவனிச்சாரு. அவரே முன்னாடி டெக்னீஷியனா இருந்தவர், அதனால பேச்சு புரிஞ்சுது. கம்பெனி தடிதடியா மேனுவல் குடுத்திருந்துச்சு, இந்த எரர் வந்தா இதைச் செய், அந்த எரர் வந்தா அதைச் செய்னு. நிஜத்துல மெஷின் மேனுவல்படி கெட்டுப் போகல. அவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னா, சாப்பிடற எடத்துல ஒண்ணா உக்காந்து 'நேத்து ஒரு மெஷின் என்னை என்ன பாடு படுத்துச்சு தெரியுமா'ன்னு கதை பேசிப் பேசித்தான். ஒருத்தரு கதையில இன்னொருத்தருக்கு விடை இருந்துச்சு. நம்ம ஊர்ல டீக்கடை பெஞ்சுல ரெண்டு அக்கவுன்டன்ட் உக்காந்து '3பி-ல ஐடிசி டேலி ஆகவே இல்லப்பா'ன்னு (3பி-ன்னா ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஐடிசி-ன்னா வாங்குன சரக்குக்குக் கட்டுன வரியைக் கழிச்சுக்கறது) பேசிக்கறது இருக்கே, அச்சு அசல் அதுதான்.

அப்புறம் 1990-கள்ல அந்தக் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல இந்தக் கதைகளைக் கம்ப்யூட்டர்ல சேத்து வைக்க யுரேகான்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க, ஃபிரான்ஸ்ல இருந்த டெக்னீஷியன்கள்கிட்ட முதல்ல ஓட்டிப் பாத்தாங்க. ஒரு டெக்னீஷியன் தான் கண்டுபிடிச்ச சின்ன உத்தியை எழுதுவாரு, அனுபவப்பட்ட இன்னொரு டெக்னீஷியன் அதைச் சரிபாப்பாரு, அப்புறம் எல்லாருக்கும் போகும். நல்ல உத்திக்குக் காசு குடுக்கலாமான்னு பேச்சு வந்தப்ப, காசை விட, உத்தியோட சேத்து எழுதுனவங்க பேரு வரணுங்கறதுதான் அவங்களுக்குப் பெருசா இருந்துச்சு. எனக்கு இது ரொம்பப் பெரிய பாடம். காசு குடுத்தா எண்ணிக்கை ஏறும், உங்களுக்கு வந்த ஃபார்வேர்டு மாதிரி. பேரு போட்டா மனுஷன் ரெண்டு தடவை சரிபாத்துட்டு எழுதுவான், ஏன்னா அது அவன் பேரு.

ப்ரோக்ராம் எழுதறவங்க சந்தேகம் கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-ல வந்துச்சு, அங்கயும் பாயின்ட் உண்டு, ஆனா அந்தப் பாயின்ட்டைக் குடுத்து எதையும் வாங்க முடியாது. 2,000 பாயின்ட் வந்தா மத்தவங்க பதிலைத் திருத்தற உரிமை கிடைக்கும், அதாவது நல்லா செஞ்சவனுக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்பு. நம்ம ஊருல கோயில் கமிட்டில பேரு வந்தா எப்படி ஓடி ஓடி வேலை பாப்பாங்களோ அப்படி. உங்க நாலு பேருக்கும் அட்மின் உரிமையைக் குடுங்க. ஆனா அங்க நடந்த தப்பையும் சேத்துத் தெரிஞ்சுக்கோங்க, புதுசா வந்து கேக்கறவங்களை 'இதை ஏற்கனவே கேட்டாச்சு, தேடிப் பாரு'ன்னு விரட்டி விரட்டி, கடைசில 2018-ல அவங்களே 'நம்ம எடம் புதுசா வர்றவங்களை நல்லா வரவேற்கறதில்ல'ன்னு பகிரங்கமா எழுத வேண்டி வந்துச்சு. உங்க குரூப்ல யாராச்சும் 'இதுகூடத் தெரியாதா'ன்னு எழுதுனா அன்னிக்கே தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருங்க, ஒரு நாள் விட்டாலும் அதைப் படிச்ச முந்நூறு பேரு அடுத்த ஆறு மாசத்துக்கு வாயைத் தொறக்க மாட்டாங்க.

இப்ப உங்களைப் பத்தி ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. நீங்க ரொம்ப வேகமா பதில் சொல்றீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டுருவேன். ஒரு பங்குனில பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குப் போனேன், ஃபோனை வீட்டுலயே வச்சுட்டு ரெண்டு நாள். திரும்பி வந்து பாத்தா மூணு கேள்விக்கு ஆளுங்களே பதில் சொல்லி வச்சிருந்தாங்க. ஒரு பதில் தப்பு, அதை இன்னொருத்தர் அடுத்த அரை மணில திருத்தி, ஏன் தப்புன்னு படம் எடுத்துப் போட்டிருந்தாரு, அந்த விளக்கம் நான் குடுத்திருந்தாலும் அவ்வளவு தெளிவா வந்திருக்காது. வார்ட் கன்னிங்ஹாம்னு ஒருத்தர், 1995-ல முதல் விக்கியை, அதான் யாரு வேணாலும் திருத்தக்கூடிய வெப்சைட்டை, கொண்டு வந்தவர், அவரு பேர்ல ஒரு வழக்குச் சொல்லே இருக்கு, சரியான பதில் வேணும்னா கேள்வி கேக்கறதை விட தப்பான பதிலைப் போட்டா சீக்கிரம் கிடைக்கும்னு. தப்பைப் பாத்தா நம்மாளுங்களுக்குக் கை அரிக்கும், அதுவரைக்கும் நாம கையைக் கட்டிட்டு இருக்கணும். அதனால கேள்வி வந்தா ஒரு மணி நேரம் பொறுங்க. ஒரு மணி ஆயும் யாரும் பேசலைன்னா, இதே பிரச்சினை போன மாசம் யாருக்கு வந்துச்சோ அவங்க பேரைப் போட்டு 'நீங்க அன்னிக்கு எப்படிச் சரி பண்ணீங்க'ன்னு கேளுங்க. 20-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வர்ற கேள்விக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம், 3பி ஒரு நாள் தள்ளிப் போனாலும் சாதாரணமா நாளுக்கு 50 ரூபான்னு லேட் ஃபீ ஏறும், அன்னிக்கு உடனே சொல்லிருங்க.

ஒரு எல்லைக்கோடும் போட்டுக்கோங்க. சாஃப்ட்வேர்ல எப்படிச் செய்யறதுங்கறதை யாரு வேணாலும் சொல்லலாம், தப்பா இருந்தா திருத்திக்கலாம். சட்டப்படி இந்தச் சரக்குக்கு எந்த ரேட்டு, இந்த ஐடிசி எடுக்கலாமாங்கறதை அவங்கவங்க ஆடிட்டர்கிட்டதான் கேக்கணும். இந்தக் கோடு இருந்தா பதில் சொல்றவங்களுக்கும் தைரியம் வரும், 'நான் சொல்லி அவனுக்கு நோட்டீஸ் வந்துட்டா'ங்கற கவலை போயிரும்.

அப்புறம் வந்த பதிலை எங்க வைக்கறீங்க? குரூப்ல போட்ட பதில் ரெண்டு நாள்ல மேல போயிரும், நல்லா எழுதுன ஆளுக்கு 'இவ்வளவு எழுதி என்ன, அடுத்த மாசம் மறுபடி இதையேதான் கேக்கப் போறாங்க'ன்னு சலிப்பு வரும். ஒரு கூகுள் ஷீட் போதும், கேள்வி, பதில், சொன்னவங்க பேரு, தேதி, சாஃப்ட்வேரோட எந்த வெர்ஷன். தேதி கட்டாயம். 2023 ஜூலைல 'உங்க டர்ன்ஓவர் 8 கோடிதான், இ-இன்வாய்ஸ் (அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்ற பில்லு) வேண்டாம்'னு ஒருத்தர் சொன்ன பதில் அன்னிக்குச் சரி, ஏன்னா அப்ப வரம்பு 10 கோடி. ஆகஸ்ட் 1-லருந்து வரம்பு 5 கோடி ஆயிருச்சு, அதே பதில் அன்னியிலருந்து தப்பாப் போச்சு. தேதி இல்லாம அது எங்கயாச்சும் கெடந்து, புதுசா வேலைக்குச் சேந்த ஒரு புள்ள அதை நம்பி பில்லு போட்டுச்சுன்னா பாவம். யாருக்கும் தமிழ்ல டைப் பண்ண வராட்டி வற்புறுத்தாதீங்க, வாய்ஸ் நோட்டே போடட்டும், நீங்க உக்காந்து ஷீட்டுல எழுதுங்க. நைட்டு பதினோரு மணி வரைக்கும் பதில் சொல்ற நேரத்துல பாதியை இதுக்குக் குடுங்க.

இனி அந்த அண்ணன். குரூப்ல பேசச் சொல்லி அவருக்கு ஃபோன் பண்ணாதீங்க. டையிங் யூனிட்டுன்னா துணியோட வர்ற சீட்டு, அதான் ஜாப் ஒர்க் சலான்தான் உயிரு, எத்தனை பார்ட்டிக்கிட்டருந்து துணி வருது, எவ்வளவு திரும்பிப் போச்சு, வெயிட் லாஸ் எவ்வளவு. துணியை அனுப்பற கம்பெனிக்காரங்கதான் ஐடிசி-04-ங்கற ஜாப் ஒர்க் கணக்கு ஃபார்ம் போடணும், அனுப்புன சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தாகணும், அந்தக் கணக்கு டேலி ஆகாம உங்க குரூப்ல பாதிப் பேரு திண்டாடிட்டிருப்பாங்க. மறுமுனையில உக்காந்து அத்தனை பார்ட்டி சலானையும் பாக்கறவரு இவரு. மாசக் கடைசில, அவருக்கு வேலை குறைவா இருக்கற ஒரு மத்தியானம் நேர்ல போங்க. 'அண்ணா, துணி அனுப்பறவங்க சலான்ல பொதுவா எந்த எடத்துல தப்பு பண்றாங்க'ன்னு அந்த ஒண்ணை மட்டும் கேளுங்க. அவரு சொல்லுவாரு, ஏன்னா அந்தத் தப்பால தினமும் ஃபோன்ல கத்தறது அவருதான், அது குறைஞ்சா அவருக்குத்தான் முதல்ல நிம்மதி. சொன்னதை அங்கயே எழுதி அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, 'உங்க பேரைப் போட்டு குரூப்ல போடட்டுமாண்ணா'ன்னு கேளுங்க. சரின்னா போடுங்க. வேண்டாம்னா பேரில்லாம போடுங்க, அதை எத்தனை பேரு பாத்தாங்க, என்ன கேட்டாங்கன்னு அடுத்த வாரம் அவருகிட்டயே கொண்டு போய்க் காட்டுங்க. அப்ப அந்தக் கேள்விகளுக்கு அவரு என்ன சொல்றாருன்னு பாத்துட்டு எனக்கு இன்னொரு லெட்டர் போடுங்கம்மா.